கஞ்சிச் சங்கத்துக்குப் பெயர் வைத்தோம்

தொண்ணூறுகளில், நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் துணைக்கு ஆளில்லாத நோயாளிகளுக்கு நாங்கள் பத்துப் பெண்கள் தினமும் கஞ்சி கொண்டுபோவோம். பதிவு செய்த சங்கமானால்தான் இனி வார்டுக்குள் விடுவோம் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். பதிவுத் தாளில் பெயர் மட்டும் பாக்கி. கடற்கரைப் பெண்கள் மாதா பெயர் கேட்டார்கள். எங்கள் பக்கத்துப் பெண்கள் அம்மன் பெயர் கேட்டார்கள். சண்டையில் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது.

"அப்போ எனக்க பேரை வையுங்க மக்கா," என்றேன். "ரெண்டு கூட்டத்துக்கும் பொதுவான ஆளு நானாக்கும்."

இரண்டு கூட்டமும் சேர்ந்து என்மேல் பாய்ந்தது.

"ரெண்டாங்கிளாசு படிச்ச உங்களுக்க பேரா? அதுக்குக் கஞ்சிச் சங்கம்ணு வச்சிட்டுப் போலாம்!"

"செரி, அதையே எழுதுங்க," என்றேன்.

மாதாவையும் அம்மனையும் விட்டுவிட்டு, தாளில் அதையே எழுதினார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு பானையைத் தூக்கினேன்.