ஜூலை மாத நத்தாரும் மச்சான் சொன்ன கதையும்

மூன்று வருடங்களுக்கு முந்திய ஜூலை மாதம். நாங்கள் இருப்பது ஜெர்மனியில், பான் நகரில். அந்த வருடம்தான் முதல்முறையாக எங்கள் குடும்பம் ஒருவர் குறையாமல் சேர்ந்து நத்தார், அதாவது கிறிஸ்மஸ், கொண்டாடியது. டிசம்பரில் வருகிற நத்தார் ஜூலையில் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். எல்லாம் என் மச்சானின் வேலை.

நான் பார்சல் பிரிக்கிற இடத்தில் வேலை செய்கிறேன். டிசம்பர் வந்தால் ஆளுக்காள் அனுப்புகிற பெட்டிகள் மலை மாதிரிக் குவியும். அந்த மாதம் எங்களில் ஒருவருக்கும் லீவு கிடையாது. மனைவியின் தம்பி, அதுதான் மச்சான், வால்டோர்ஃப் பக்கம் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறார். நத்தாருக்கு மனைவியும் மகளும் ரயில் ஏறி அவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நான் வேலை முடிந்து வந்து, அவர்கள் அனுப்பிய படங்களைப் போனில் பார்த்துக்கொண்டு தனியாகச் சாப்பிடுவேன். எந்தப் படத்தைப் பார்த்தாலும் மகள் மச்சானுக்குப் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருப்பாள்.

மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு அந்த மனுசனில் சரியான பொறாமை. ஊரில் சண்டையால் இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. அவர் இங்கே வந்து படித்து மேலே போனவர். மகள் யூனிவர்சிட்டிக்கு விண்ணப்பிக்கிற நேரம், நான் பக்கத்தில் போய், "அப்பா பாக்கட்டோ?" என்று கேட்டேன். "வேண்டாம் அப்பா, மாமாட்டக் கேக்கிறன்" என்றாள். அவள் ஒரு குத்தலும் இல்லாமல்தான் சொன்னாள். அதுதான் எனக்குக் கூடுதலாக நொந்தது.

அவர் கெட்ட மனுசன் என்றாலாவது வெறுத்துவிட்டு இருக்கலாம். அதற்கும் வழியில்லை. எல்லாரையும் சிரிக்கவைப்பார். நானோ, வீட்டைப் பூட்டிவிட்டு வந்து, அடுப்பை நிறுத்தினேனா என்று பார்க்கத் திரும்ப ஓடுகிற ஆள். "அத்தான் சந்தோசப்படுறதெண்டாலும் முதல்ல அதுக்கொரு இன்சூரன்ஸ் எடுத்துப்போட்டுத்தான் சந்தோசப்படுவார்" என்று என்னைப் பகிடி பண்ணுவார். மனைவியும் மகளும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், பல்லால் மட்டும்.

அந்த வருடம் அவர் எனக்குப் போன் எடுத்தார். "அத்தான், டிசம்பரில உங்களுக்கு ஏலாது. அப்ப நாங்கள் நத்தாரை ஜூலைக்கு இழுத்துக்கொண்டு வருவம்." அவருடைய மனைவி, சின்ன மகன், நாங்கள் மூன்று பேர் என்று ஆறு பேரும் ஒன்றாகப் போக, படுக்கையும் சமைக்கக் குசினியும் உள்ள பெரிய வோன்மொபில் வாகனம் ஒன்றை வாடகைக்குப் பிடித்திருந்தார். மோசல் ஆற்றங்கரையில் இறங்கி அங்கேயே நத்தார். வீட்டில் ஒரே ஆரவாரம். எனக்காகத்தான் இவ்வளவும் என்று எனக்கும் தெரியும். ஆனால் என் நத்தாரைக்கூட அவர்தான் கொண்டுவந்து தரவேண்டியிருக்கிறதே என்று உள்ளுக்குள் புகைந்தது.

வாகனத்தை எடுக்கப் போனோம். ஒரு வீட்டைத் தூக்கி நாலு சில்லில் வைத்தது மாதிரி வெள்ளையாக நின்றது. வாடகைக்காரர் மச்சானின் லைசன்ஸை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அந்த வாகனம் நாலு தொன்னுக்கு மேலே. இப்போதைய லைசன்ஸில் மூன்றரைத் தொன் வரைக்கும்தான் ஓடலாம். ஆறு இருக்கையோடு வேறு சின்ன வாகனமும் அவரிடம் இல்லை. மச்சானின் முகம் செத்துவிட்டது. நல்லாய் வேணும் என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த நேரம் பார்த்து வாடகைக்காரர், "தொண்ணூறுகளில் எடுத்த பழைய லைசன்ஸ் யாரிடமாவது இருந்தால் ஓடலாம்" என்றார்.

என்னுடையது அந்தக் காலத்து லைசன்ஸ். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் எங்கள் சின்னக் காரையே வலப்பக்கக் கோட்டை விடாமல் மெதுவாக ஓடுகிற ஆள். ஏலாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மகள் கண்ணை அகல விரித்து, "அப்பா, உங்களுக்கு இதை ஓட ஏலுமோ?" என்றாள். அந்தப் பார்வையை நான் எத்தனையோ வருடமாக மச்சானுக்குப் போகத்தான் கண்டிருக்கிறேன். "ஓம், ஏலும்" என்று என் வாய் சொல்லிவிட்டது.

வெளிக்கிட்டோம். ஸ்டியரிங் என் கையில். ஆனால் சந்தோசம் முழுக்க எனக்குப் பின்னால். மேசையைச் சுற்றி இருந்து கொறித்துக்கொண்டு, மச்சான் எடுத்துக் கொடுக்க நத்தார் பாட்டு வேறு. சிவப்புத் தொப்பியும் எல்லாருக்கும் போட்டுவிட்டார். மகள் முன்னால் என் பக்கத்தில்தான் இருந்தாள், ஆனால் கழுத்து முழு நேரமும் பின்பக்கம் திரும்பியபடி. ஆசைப்பட்ட இடத்தில் வந்து இருந்தும் என் பொறாமை குறையவில்லை.

மோசல் பக்கம் ஒரு திராட்சைக் கிராமம். குறுக்கு வழி என்று மச்சான் தன் போனைப் பார்த்துச் சொன்ன தெருவில் திருப்பினேன். இரண்டு பக்கமும் கல் மதில். வளைவு கழிந்ததும் முன்னால் ரயில் பாலம், அதில் மூன்று மீட்டர் என்று பலகை. எங்கள் வாகனம் மூன்று மீட்டருக்கு மேலே. கண்ணாடியில் ஒட்டியிருந்த அந்த உயரத்தை வழி நெடுக நான் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்திருந்தேன். பிரேக்கை மிதித்தேன். நின்றது. அதற்குப் பிறகு எனக்கு மூளை ஓடவில்லை. முன்னால் போகவும் வழியில்லை, திருப்பவும் இடமில்லை. பின்னால் கார்கள் சேர்ந்து ஹோர்ன் அடித்தன. கை நடுங்கியது. மகள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மச்சான், உம்மட போனைத் தூக்கி ஆத்துக்குள்ள எறியும்!" என்று கத்தினேன்.

"எறியிறன் அத்தான், முதல்ல வெளிய போவம்" என்றுவிட்டு மச்சான் குதித்து இறங்கினார். வெயிலில், சிவப்புத் தொப்பியோடு, ஒவ்வொரு காராகப் போய்க் கும்பிடாத குறையாகக் கேட்டுப் பின்னால் எடுப்பித்தார். வளைவு வீட்டு ஜெர்மன்காரப் பெண் வெளியே வந்தார், வயதானவர். இன்றைக்கா நத்தார் என்று கேட்டாராம். ஓம் என்றாராம் மச்சான். அந்த அம்மா மேலே ஒன்றும் கேட்காமல், வாசலில் இருந்த பூச்சாடிகளை ஒவ்வொன்றாக இழுத்து எனக்கு இடம் விட்டார்.

பக்கக் கண்ணாடியில் எனக்குத் தெரிந்தது அந்தச் சிவப்புத் தொப்பி மட்டும்தான். "வாங்கோ அத்தான், வாங்கோ... இடப்பக்கம் கொஞ்சம்... நில்லுங்கோ! சரி, வாங்கோ." யாரைக் கண்டால் எனக்கு வயிறு எரியுமோ, அந்த ஆளின் சொல்லை நம்பி அங்குலம் அங்குலமாகப் பின்னுக்கு வந்தேன். ஒருமுறை மதில் கைக்கெட்டும் தூரத்தில் வந்தது. மனைவி பின்னால் செபம் சொல்வது கேட்டது. ஒரு கீறல் இல்லாமல் பெரிய தெருவுக்கு வந்து சேர்ந்தபோது என் சேர்ட் முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

பின்னேரம் ஆற்றங்கரையில் நத்தார். மெழுகுதிரி கொளுத்தினோம், வெயிலில் சுவாலையே தெரியவில்லை. கேக் வெட்டினோம். பக்கத்துக் கூடாரத்தில் இருந்த ஒல்லாந்துக் குடும்பம் எட்டிப் பார்க்க, அவர்களுக்கும் கொடுத்தோம். மச்சான் அவர்களுக்குப் பாலத்துக் கதையைச் சொல்லத் தொடங்கினார்.

இனி நான் கத்தியதை நடித்துக் காட்டுவார், எல்லாரும் சிரிப்பார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சொன்ன கதையோ வேறு. அவருடைய கதையில், பிழையான தெருவைக் காட்டிய மடையன் அவர். அத்தான் பாலத்தை முதலே கண்டுவிட்டார். ஒருவரும் பயப்படாதையுங்கோ என்றார். ஒற்றைக் கையால் அந்தப் பெரிய வாகனத்தை, சட்டைக்குப் பொத்தான் போடுகிற மாதிரி, அலுங்காமல் பின்னால் எடுத்தார். ஒல்லாந்துக்காரர் என்னைப் பார்த்து விசில் அடித்தார்.

நான் எவ்வளவு பயந்தேன் என்று கிட்ட இருந்து கண்ட ஒரே ஆள் என் மகள். முன்னால் இருந்து என் கையைப் பார்த்தவள் அவள்தானே. இப்போது வாயைத் திறக்கப்போகிறாள் என்று பார்த்தேன். அவள் கேக்கை மென்றுகொண்டு, "ஓம், அப்பா பாட்டும் பாடிக்கொண்டுதான் எடுத்தவர்" என்றாள்.

மச்சான் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நான் இன்னொரு துண்டு கேக் வெட்டி அவருடைய தட்டில் வைத்தேன்.

மச்சானில் உள்ள பொறாமை போய்விட்டது என்று சொன்னால் பொய். அவர் கதை சொல்கிற வடிவைக் கண்டு அன்றைக்கும் பொறாமைதான், இன்றைக்கும் அதேதான். ஆனால் அன்று அவருடைய கதைக்குள் வந்த அந்த அத்தானைக் கண்டு வந்த பொறாமைக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை. இப்போதும் ஏதாவது காரியத்தில் கை நடுங்கத் தொடங்கினால், பாட்டுப் பாடிக்கொண்டு வாகனத்தைப் பின்னால் எடுத்த அந்த மனுசன் இதை எப்படிச் செய்வார் என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.