அம்மாவின் கியர் வண்டி

பெரியப்பாவின் மேல் இருந்த கோபத்தில்தான் என் அம்மா மோட்டார் சைக்கிள் ஓட்டப் பழகினாள். இன்றைக்குக் கேட்டாலும் அதை ஒப்புக்கொள்ள மாட்டாள்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். அப்பா சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்தார். கீரமங்கலத்துக்குப் பக்கத்தில், பஸ் போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளிய ஊர் எங்களுடையது. ஊரை ஒட்டிய கொல்லையில் அம்மா மல்லிகை போட்டிருந்தாள். விடிவதற்குள் அரும்பு பறித்து, சாக்கில் கட்டி, கீரமங்கலம் பூக்கடைக்குக் கொண்டுபோக வேண்டும். முதல் பஸ்ஸை நம்பினால் நல்ல விலை கிடைக்காது. அதனால் சாக்கு பெரியப்பாவின் வண்டியில்தான் போகும். அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன் அவர். கெட்டவர் இல்லை. ஆனால் செய்கிற உதவியை நாம் ஒரு நாள்கூட மறந்துவிடக் கூடாது என்பதில் கவனமாக இருப்பார். அம்மா சாக்கோடு வாசலில் நிற்பது தெரிந்தும் டீயை ஆற்றி ஆற்றிக் குடிப்பார்.

ஒரு சித்திரை மாதத்தில் யார் வீட்டுக்கோ நிச்சயதார்த்தத்துக்குப் போய்விட்டு, வெயில் நன்றாக ஏறிய பிறகு வந்தார். சாக்குக்குள் அரும்பெல்லாம் புழுங்கிப் பழுப்பேறியிருந்தது. பூக்கடையில் பிரித்துப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"ஒரு நாளைக்கு இப்படி ஆகத்தான் செய்யும். அதுக்கு என்னத்தா பண்றது?" என்றார் சாக்கைத் திருப்பிக் கொண்டுவந்த பெரியப்பா.

அம்மா சாக்கை அவிழ்த்து, அவருடைய வண்டி சீட்டின் மேல் மொத்தப் பூவையும் கொட்டினாள். பிறகு சாக்கை உதறி மடித்துக்கொண்டே, "நாளையிலேருந்து நீங்க சிரமப்பட வேணாம். எம்பூவை நானே கொண்டுபோய்க்கிறேன்" என்றாள்.

"எதுல? தலையில வச்சுக்கிட்டா?"

"வண்டியில."

பெரியப்பா சிரித்தார். சீட்டிலும் பெட்ரோல் டேங்க் மேலும் கிடந்த பூவைத் தள்ளிவிட்டு, சிரித்துக்கொண்டே போனார்.

மறுநாளிலிருந்து அம்மா நிஜமாகவே சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு ரோடு வரைக்கும் நடந்தாள். பஸ்ஸில் போய், கிடைத்த விலைக்குப் போட்டுவிட்டு வந்தாள். அந்த மாதமே வண்டி பழக எல்.எல்.ஆர். எடுத்தாள். அம்மாவின் தங்கை, என் சித்தி, ஆலங்குடியில் இருந்தாள். சித்தப்பா தன்னுடைய பழைய வண்டியை ஓட்டிவந்து எங்கள் வீட்டில் விட்டுவிட்டு பஸ் ஏறிப் போனார். சொல்லிக்கொடுக்க சித்தி தங்கினாள். சித்திக்கு ஸ்கூட்டி மட்டும்தான் ஓட்டத் தெரியும் என்பது கண்மாய்க்குள் இறங்கிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

கண்மாய் வறண்டு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அம்மா கிளட்ச்சை விடுவாள்; வண்டி ஒரு துள்ளுத் துள்ளி நின்றுவிடும். சித்தி போனில் வீடியோ பார்த்து, "மெதுவா விடணுமாம்க்கா" என்று கத்துவாள். நாலாம் நாள் வண்டி நிற்காமல் ஓடியது. ஐந்தாம் நாள் அம்மாவுக்கு அதை நிறுத்தத் தெரியவில்லை. கருவேலம் புதருக்குள் விட்டு விழுந்தாள். சைலன்சர் பட்டுக் கெண்டைக்கால் கொப்பளித்துவிட்டது.

அன்றைக்குப் பார்த்துப் பெரியப்பா கரைமேல் நின்றுகொண்டிருந்தார். "பொம்பளைப்பிள்ளைக்கு எதுக்கு இந்த வீம்பு? நடுரோட்டுல விழுந்தா யாரு தூக்குறது?"

வண்டிக்கு அடியில் கிடந்தபடியே அம்மா சொன்னாள்: "நானே எந்திரிப்பேன். நீங்க அங்கிட்டுப் போங்க."

எழுந்தாள். எழுந்த கையோடு வண்டியை நிமிர்த்தி மறுபடியும் ஏறினாள்.

சாயங்காலம் அப்பா போன் செய்தார். செய்தி கடல் தாண்டிப் போயிருந்தது.

"ஊரே சிரிக்குதுன்னு அண்ணன் சொல்றாக. ஒனக்கு வேணும்னா ஸ்கூட்டி வாங்கிக்கயேன்."

"கொல்லைச் சேத்துல ஸ்கூட்டி பொதஞ்சுபோகும். சிரிக்கிறவங்க யாரும் எம்பூவை ஏத்திக்கிட்டுப் போகலையே. சிரிச்சா சிரிக்கட்டும்."

காலில் மருந்து போட்டுக்கொண்டேதான் இதைச் சொன்னாள். கொப்பளத்தைப் பற்றி அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

புதுக்கோட்டையில் லைசென்ஸுக்கு எட்டுப் போடும்போது முதல் தடவை கால் ஊன்றிவிட்டாள். இரண்டாம் தடவை விண்ணப்பத்தை வாங்கிய அதிகாரி, "கியர் இல்லாததுன்னு மாத்திக்கிட்டா சுலபமா கெடைக்குமேம்மா" என்று நல்ல மனதோடுதான் சொன்னார். "கியர் உள்ளதுன்னே இருக்கட்டும் சார்" என்று சொல்லிவிட்டு, கால் ஊன்றாமல் எட்டுப் போட்டுக் காட்டினாள்.

பூவில் சேர்த்த பணத்தில் சின்னதாக, கறுப்பில் சிவப்புக் கோடு போட்ட வண்டி வாங்கினாள். எடுக்கப் போனபோது என்னையும் சித்தியையும் கூட்டிப்போனாள். கடையில் இன்சூரன்ஸ் எழுதுவதற்கு ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். அம்மாவிடம் விவரமெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டே வந்தவர், "நாமினிக்கு ஹஸ்பண்ட் பேரு சொல்லுங்க" என்றார்.

"எம்மக பேரைப் போடுங்க."

"பாப்பா மைனராச்சேக்கா. அப்ப கார்டியன் ஒருத்தர் வேணும். அவங்க அப்பாவைப் போட்டுரவா?"

அம்மா கண்ணாடிக்கு வெளியே நின்ற வண்டியைப் பார்த்தாள். "வேணாம். எந்தங்கச்சி பேரைப் போடுங்க" என்றாள். சித்தி சட்டென்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். எழுதுகிற அக்கா ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினார்.

நான் எட்டிப் பார்த்தேன். அச்சடித்த தாளில் இனிஷியலோடு என் முழுப்பெயர் இருந்தது. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது: ஓட்டுவது அம்மா என்றாலும் வண்டி என்னுடையது. மறுநாள் வகுப்பு முழுக்க இதைச் சொன்னேன். நம்பாதவர்களுக்கு, நாமினி என்றால் முதலாளி என்று விளக்கமும் சொன்னேன்.

அன்று சாயங்காலம் பெரியப்பா வந்து புது வண்டியைச் சுற்றிப் பார்த்தார். ஹேண்டிலைப் பிடித்து லேசாகத் திருப்பினார்.

"இது என் வண்டி பெரியப்பா. இன்சூரன்ஸ் பேப்பர்ல நாமினின்னு எம்பேருதான் இருக்கு" என்றேன்.

"ஒம்பேரா? ஒங்கப்பா பேரு இல்லையா?"

"இல்ல. எம்பேரு, கார்டியன்னு சித்தி பேரு. வேற யாரு பேரும் கெடையாது."

பெரியப்பா ஹேண்டிலிலிருந்து கையை எடுத்துவிட்டார். அவர் முகம் சின்னதாகிப் போனது. ஓட்டக் கிடைக்காதே என்று வருத்தப்படுகிறார் என நினைத்தேன்.

"கவலப்படாதீங்க பெரியப்பா. அம்மாகிட்ட சொல்லி ஒங்களுக்கும் ஒரு ரவுண்டு தாரேன்."

அவர் என் தலையில் கை வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அம்மா என்னைத் திட்டவுமில்லை, திருத்தவுமில்லை. "உள்ள வந்து சாப்புடு" என்றாள்.

வேலைக்குப் போய் எனக்கென்று ஒரு வண்டி வாங்கி, நாமினி யார் என்ற அதே கேள்வியை என்னிடம் ஒருவர் கேட்டபோதுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரிந்தது. அம்மா வண்டியில் செத்துப்போனால் மட்டுமே என் கைக்கு வரக்கூடிய ஒன்றைத்தான் ஊரெல்லாம் பெருமையடித்திருக்கிறேன். தனக்கு ஒன்று ஆகிவிட்டால் அந்தப் பணம் யார் வழியாக வந்தால் நான் யார் வாசலிலும் காத்து நிற்க வேண்டியிருக்காது என்பதுவரை அவள் யோசித்துவிட்டாள். யோசித்து முடித்து, கையெழுத்துப் போட்டு, அதற்குப் பிறகுதான் சாவியைத் திருகியிருக்கிறாள். அன்றைக்குக் கடையிலிருந்து வரும்போது பின்சீட்டில் நான், "ஹாரன் அடிம்மா, இன்னும் சத்தமா அடி" என்று கத்திக்கொண்டே வந்தேன். அம்மா அடித்துக்கொண்டே போனாள்.