அப்பா வாங்காத மில்லிங் மெஷின்

நான் ஆறாம் வகுப்பு படித்த வருஷம் அப்பாவுக்கு மில்லிங் மெஷின் பைத்தியம் பிடித்தது. சாப்பிட்டு முடித்ததும் செல்போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். வீட்டிலேயே இரும்பு வேலை பழகுகிறவர்கள் போடும் வீடியோக்கள்தான். மேலே கட்டர் சுற்றும், கீழே இரும்புத் துண்டைக் கைச்சக்கரத்தால் நகர்த்துவார்கள், அது செதுக்கப்பட்டு வழவழவென்று வரும். அயனம்பாக்கத்தில் எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் கிடந்த தட்டுமுட்டுச் சாமான்களை எல்லாம் தூக்கிப் போட்டு மெஷினுக்கு இடம்கூடத் தயார் செய்துவிட்டார். அந்த இடத்தில் அரிசி மூட்டையை வைக்கலாமே என்று அம்மா மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அப்பா பாடி என்கிற ஊரில் ஒரு தொழிற்சாலையில் மில்லிங் ஆபரேட்டர். அவர் என்னிடம் அப்படித்தான் சொல்லியிருந்தார், நானும் அதை வகுப்பு முழுக்கப் பரப்பி வைத்திருந்தேன். பகலெல்லாம் பெரிய மெஷின் ஓட்டுகிறவருக்கு வீட்டில் எதற்குக் குட்டி மெஷின் என்று கேட்கும் புத்தி எனக்கு இல்லை.

லீவு நாள் ஒன்றில் மெஷின் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். பாடியில் இல்லாத கடையா? ஆனால் அப்பா அதற்கு நேர் எதிர்ப்பக்கம், குமணன்சாவடிக்குப் பஸ் ஏறினார்.

கடையில் சின்ன மெஷின்கள் இரண்டு இருந்தன. ஒன்றுக்கு உருண்டைத் தூண், மற்றதற்குச் சதுரத் தூண். கடைக்காரர் அப்பாவைவிடச் சின்னவர், நல்ல மாதிரி. அப்பா அவரிடம் போய், தான் இதற்குப் புதுசு என்றார். வீட்டு கரண்டில் ஓடுமா, எவ்வளவு ஆழம் வெட்டலாம், முதலில் எந்தக் கட்டர் வாங்க வேண்டும் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டே போனார். கடைக்காரரும் சளைக்கவில்லை. உருண்டைத் தூணில் கட்டர் மாட்டிய தலையை ஏற்றி இறக்கினால் குறி விலகிவிடும், சதுரத்தில் விலகாது. மோட்டாரைப் பார்த்து ஏமாறக் கூடாது, எடையைப் பார்க்க வேண்டும், லேசான மெஷின் வெட்டும்போது நடுங்கும் என்றார். அப்பா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு மானம் போனது. விலையைக் குறைக்க நடிக்கிறார் போலிருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

கடைக்காரர் சதுரத் தூண் மெஷினில் ஒரு இரும்புத் துண்டை வெட்டிக் காட்டினார். மேஜையெல்லாம் இரும்புத் துகள். அவர் மெஷினை அணைத்ததுதான் தாமதம், அப்பா அங்கே கிடந்த பிரஷ்ஷை எடுத்துத் துகளைத் தள்ளி, பழைய பனியன் துணியால் மேஜைப் பள்ளங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டார். யார் கடை மெஷினையோ அப்பா எதற்குத் துடைக்க வேண்டும்?

"சூப்பரா தொடைக்கிறியே அண்ணாத்தே, எங்க வேல?" என்றார் கடைக்காரர்.

"பாடில, ஒரு கம்பெனில."

"அங்க இன்னா வேல?"

அப்பா துணியை மடித்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "எங்கப்பா மில்லிங் ஆபரேட்டரு. பெரிய மெஷினெல்லாம் ஓட்டுவாரு" என்றேன், கடை முழுக்கக் கேட்கும்படி.

கடைக்காரர் சங்கடத்தோடு சிரித்தார். இது தெரியாமல் இவ்வளவு நேரம் உங்களுக்கே பாடம் எடுத்தேனே என்று சொல்லி, மெஷினை ஓடவிட்டு மரியாதையாக விலகி நின்றார். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு கைச்சக்கரத்தைப் பிடித்தார். பிடித்த விதமென்னவோ ஆபரேட்டர் மாதிரிதான் இருந்தது. ஆனால் கட்டர் சுற்றுவதற்கு எதிராகத் தள்ள வேண்டிய இரும்பை அது சுற்றும் பக்கமே தள்ளிவிட்டார். கட்டர் அதை வெடுக்கென்று இழுத்து, பட்டென்று உடைந்தது.

அப்பா அந்தத் தொழிற்சாலையில் எந்த மெஷினையும் ஓட்டியதில்லை என்பதைச் சில வருஷம் கழித்து அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஆபரேட்டர்கள் வேலையை முடித்துப் போனபின் மெஷின்களைத் துடைப்பதுதான் அவர் வேலை. மற்றவர்கள் ஓட்டுவதைப் பார்த்துப் பார்த்தே அவருக்கு ஆசை வந்திருக்கிறது. தெரிந்தவர்கள் இல்லாத கடையாகத் தேடிப் போய், புதுசு என்று உண்மையைச் சொல்லி, கேட்டுக் கற்றுக்கொண்டிருந்த மனிதரின் வாயை நான் அடைத்துவிட்டேன். கற்றுக்கொள்ள வந்தவர் கட்டரை உடைத்திருந்தால் கடைக்காரர் சிரித்துவிட்டு வேறு கட்டரை மாட்டியிருப்பார். ஆபரேட்டர் உடைத்ததும் அவர் மெஷினை அணைத்துவிட்டு, அப்பா முகத்தைப் பார்க்காமல் உடைந்த துண்டைத் தேடப் போய்விட்டார்.

அன்று அப்பா உடைந்த கட்டருக்குக் காசைக் கொடுத்துவிட்டு, மெஷின் சரியில்லை என்று என்னிடம் சொல்லிக்கொண்டே வெளியே வந்தார். நான் நம்பினேன். ஒரே வெட்டில் கண்டுபிடித்துவிட்டாரே என்று வகுப்பில் சொல்ல வேண்டிய வார்த்தைகளைக்கூட யோசித்துக்கொண்டு வந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடமில்லை. வானகரம் தாண்டியதும் அப்பா வெளியே பார்த்தபடி, "உன்ன இட்டுகினு வந்திருக்கக் கூடாதும்மா" என்றார்.

நின்றுகொண்டே வருகிறேனே என்று வருத்தப்படுகிறார் என நினைத்தேன். "எனக்குக் கால் வலிக்கலப்பா" என்றேன்.