கத்தரி படாத துணி

எங்களிடம் வெள்ளைத் துணி இருந்தது. ஆனால் அதைச் சீருடையாகத் தைக்க முடியாது.

சுனாமிக்குப் பிறகு பள்ளிக்கூடம் திறந்தபோது நான் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். சாய்ந்தமருதில் கடலுக்குக் கிட்ட இருந்த எங்கள் வீட்டில் அத்திவாரம் மட்டும் மிஞ்சியது. உம்மா, வாப்பா, உம்மாவின் தங்கையான சாச்சி, நான் ஆகிய நால்வரும் வயல் பக்கம் ஒரு கூடாரத்தில் இருந்தோம். ஒன்பது வயதுத் தங்கச்சி கடலோடு போய்விட்டாள். அவளுடைய ஜனாஸா கிடைக்கவில்லை.

வகுப்பில் எல்லோரும் நிவாரணத்தில் வந்ததை உடுத்தியிருந்தோம். எனக்குக் கிடைத்தது நீலக் கோடு போட்ட ஆண்களின் முழுக்கைச் சேர்ட். அது முழங்கால் வரை வந்தது. அதன் கீழே சாச்சியின் பாவாடை. மேசை விரிப்பு ஒன்றை வெட்டித் தலைக்குப் பர்தாவாக்கியிருந்தேன். அதன் ஓரத்தில் திராட்சைக் குலைகள் பின்னப்பட்டிருந்தன. பக்கத்து மேசைச் சிநேகிதி பனி நாட்டுக் கம்பளிச் சட்டைக்குள் வியர்த்தபடி பொருளியல் குறிப்பு எழுதினாள். அவளுடைய முதுகில் ஆங்கிலத்தில் ஏதோ அச்சிட்டிருந்தது.

"என்ன புள்ள எழுதியிரிக்கி இதில?" என்று டீச்சர் கேட்டார்.

"தெரியா டீச்சர். வாசிக்க எனக்கு முதுகில கண் இல்லியே."

டீச்சர் கிட்டப் போய் வாசித்தார். "நாய்க்குத் தீன் விக்கிற கடைட பேரு" என்றார். வகுப்பே சிரித்தது. கம்பளிச் சட்டைக்காரிதான் கூடுதலாகச் சிரித்தாள். அவள் சிரித்து நாங்கள் கேட்டு வெகு நாளாகியிருந்தது.

பரீட்சை நெருங்கியபோது ஒரு கதை பரவியது. சீருடை இல்லாதவர்களை மண்டபத்துக்குள் விடமாட்டார்களாம். யார் சொன்னது என்று ஒருவருக்கும் தெரியாது. அதிபரிடம் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. செய்தி எழுதும் வேலைக்கு வந்த பிறகு இதைப் பல தடவை நினைத்திருக்கிறேன். அன்று அது எங்களுக்குச் சட்டமாகவே இருந்தது. இலவசச் சீருடைத் துணி வரும் என்றார்கள், வரவில்லை. கல்முனைக் கடைத்தெருவில் பாதிக் கடைகள் சேறாகக் கிடந்தன. திறந்திருந்த கடைகளிலும் வெள்ளைத் துணி முடிந்திருந்தது. ஏன் முடிந்தது என்பது ஊருக்கே தெரியும்.

எங்கள் துணி கூடாரத்துக் கம்பில், பொலித்தீன் பைக்குள் தொங்கியது. அது கபன் துணி, இறந்தவரைச் சுற்றி அடக்குவதற்கானது. கடல் வந்த நாட்களில் ஜனாஸாக்களை அவசரமாக அடக்கினார்கள். பலருக்குத் துணி கிடைக்கவில்லை. லொறியில் துணிச் சுருள்கள் வந்து சேர்ந்தபோது அடக்கங்கள் பெரும்பாலும் முடிந்திருந்தன. வாப்பா பள்ளிவாசலுக்குப் போய்த் தங்கச்சிக்கென்று கேட்டு வாங்கிவந்தார். ஜனாஸா கிடைக்கிற நேரத்தில் துணிக்கு அலையக் கூடாது என்பது அவருடைய எண்ணம். அவர் வாங்கியது பெரிய ஆளுக்குரிய அளவு.

"ஒம்பது வயசுப் புள்ளைக்கு என்னத்துக்கு மச்சான் இவ்வளவு?" என்று சாச்சி கேட்டார்.

வாப்பா துணியைப் பைக்குள் வைத்துக் கட்டினார். அன்று காலையில் ஆஸ்பத்திரியில் வரிசையாகக் கிடத்தியிருந்தவர்களைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். தண்ணீரில் கிடந்த உடம்பு எந்த அளவுக்கு வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கபன் துணியில் கத்தரி வைப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. ஓரத்தில் சிறு கீறல் போட்டு, நூலோடு நேராகக் கையால் கிழிப்பார்கள். தைப்பதும் இல்லை. எங்கள் துணி கிழிபடாமல் முழுதாக இருந்தது. உம்மா தினமும் பையை இறக்கி, ஈரம் பட்டிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பவும் தொங்கவிடுவார்.

யுத்தம் முடிந்த ஆண்டில், பத்திரிகைக்காக, பிள்ளைகள் காணாமல் போன தாய்மார் சிலரைச் சந்தித்தேன். ஒருவர் மகனுடைய காற்சட்டையை அயர்ன் பண்ணி மடித்து வைத்திருந்தார். உடன் வந்த நிருபர் "இன்னும் நம்புறீங்களா அம்மா?" என்று கேட்டார். அந்தத் தாய் காற்சட்டையின் மடிப்பைத் திருத்தினார். எனக்கு அது போதுமான பதிலாக இருந்தது.

கூடாரத்தில் நிறைய இருந்த பொருள் கோதுமை மா. நிவாரண மா மூட்டையாக வந்தது, சீனியும் வந்தது. உம்மா முன்பு கலியாண வீடுகளுக்குக் கேக் சுட்டுக் கொடுத்தவர். ஓவனைக் கடல் கொண்டுபோய்விட்டது. ஒருநாள் அலுமினியச் சட்டிக்குள் மணல் பரப்பி, தகரத் தட்டை வைத்து மூடி, கீழேயும் மூடிக்கு மேலேயும் சிரட்டைத் தணல் போட்டார். பட்டர் இல்லை, மாஜரின்தான். முதல் கேக் ஒரு பக்கம் கருகி, மறுபக்கம் வேகாமல் வந்தது. அடுத்தடுத்த கேக்குகளைப் பிரதான வீதித் தேத்தண்ணிக் கடைக்காரர் வாங்கத் தொடங்கினார்.

பக்கத்துக் கூடாரங்களில் பேச்சு வந்தது. புள்ள போய் இன்னும் ஈரம் காயல்ல, கேக் சுடுறாவாம் என்று. சாச்சி வெளியே நின்று, கேட்க வேண்டியவர்களுக்குக் கேட்கும்படி சொன்னார்: "கதைக்கிற ஆக்கள் ஒரு துண்டு தின்னுட்டுக் கதைங்க. வெறும் வாயால கதைச்சா தொண்டை காயும்."

ஆனால் உம்மா மாவு குழைத்த சட்டியை வழிக்கமாட்டார். அடியில் கொஞ்சம் மாவை அப்படியே விட்டு, சட்டியை ஒரு மூலையில் வைப்பார். மாவு காய்ந்து, எறும்பு மொய்த்த பிறகுதான் கழுவுவார். ஒருநாள் சாச்சி தெரியாமல் விரலால் வழித்துவிட்டார். உம்மா சட்டியைப் பறித்து, வெகுநேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

கடல் வந்த அந்த ஞாயிறு காலையில் கடற்கரைத் தெரு வீடொன்றுக்கு உம்மா கேக் சுட்டிருந்தார். கொண்டுபோய்க் கொடுக்கத் தங்கச்சியை அனுப்பினார். சட்டியை வழித்துத் தின்பதுதான் அவளுக்குக் கூலி. அவள் வாசலில் நின்று சொன்னதை நானும் கேட்டேன். "வந்து வழிச்சித் தின்னுவன். கழுவிப் போடாதீங்க உம்மா."

பரீட்சைக்குச் சில நாட்களே இருந்தபோது சாச்சி மெதுவாகப் பேச்செடுத்தார். "அந்தத் துணி சும்மாதானே கிடக்கு ராத்தா. இவட படிப்பு..."

"வாய மூடு" என்றார் உம்மா.

எனக்கும் அந்த எண்ணம் வந்திருந்தது. பையைப் பார்க்கும்போதெல்லாம் நீளக் கைக்கும் பர்தாவுக்கும் எவ்வளவு போகும் என்று மனம் தானாக அளந்தது. அதை நிறுத்த ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. "நான் அடுத்த வருஷம் எழுதுறன் உம்மா" என்றேன்.

உம்மா மா அரித்துக்கொண்டிருந்தார். அரிதட்டு நிற்கவில்லை.

மறுநாள் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு ஒரு சத்தம் கேட்டு எழும்பினேன். பாயில் துணி விரிந்திருந்தது. அதன் மேல் உம்மா என்னுடைய நீலக் கோட்டுச் சேர்ட்டை அளவுக்கு வைத்திருந்தார். உம்மாவின் கையில் கத்தரி இருந்தது. கழுத்து வளைவு ஏற்கெனவே வெட்டியாகியிருந்தது.

"வெட்டிராதீங்க உம்மா!"

"தண்ணிக்குள்ள மௌத்தானவங்க ஷஹீது" என்றார், தலை நிமிராமல். "ஷஹீதுகள உடுத்த உடுப்போடதான் அடக்கிற. அவ மஞ்சக் கவுணோட போனவ. அதோட இரிக்கட்டும். அது நல்ல கவுண்தானே."

உடுத்த உடுப்போடு அடக்குவது போர்க்களத்தில் உயிர் கொடுத்து ஷஹீதானவர்களுக்குத்தான். கடலில் போனவர்களுக்குக் கபன் உண்டு. இது வாப்பாவுக்குத் தெரியும், சாச்சிக்கும் தெரியும். வாப்பா எழுந்து வெளியே போனார். சாச்சி உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தார். அவருக்கு ஊசிக் காதில் நூல் நுழைய வெகுநேரம் எடுத்தது.

இரண்டு பேரும் கையாலேயே தைத்தார்கள். துணி மெல்லிசு. ஆகையால் சட்டைக்கு உள்ளே மா மூட்டைத் துணியை வைத்தார்கள். எவ்வளவு துவைத்தும் அந்தத் துணியில் மா வாசம் போகவில்லை.

பரீட்சை மண்டபத்துக்கு முதல் ஆளாகப் போனேன். மேற்பார்வையாளர் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். என் உடுப்பை அவர் பார்க்கவேயில்லை. பிறகு மற்றவர்கள் வந்தார்கள். ஒருத்தி பூப் போட்ட கவுண், ஒருத்தி பச்சைப் பாவாடை. கம்பளிச் சட்டைக்காரி நாய்த் தீன் கடையின் பேரோடு எனக்கு முன் மேசையில் வந்து உட்கார்ந்தாள். ஒருவரையும் தடுக்கவில்லை. வினாத்தாள் வரும்வரை அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நெஞ்சில் மா மூட்டைத் துணி உராய்ந்தது.

வீட்டுக்கு வந்தபோது உம்மா தணல் தள்ளிக்கொண்டிருந்தார். வினாத்தாள் எப்படி என்று கேட்கவில்லை.

"எல்லாப் புள்ளையளும் வெள்ளையோடதான் வந்தவளுவளா?"

சாச்சி என்னைப் பார்த்தார். கம்பளிச் சட்டைக்காரியின் கூடாரம் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது.

"ஓம் உம்மா" என்றேன். "வெள்ளை இல்லாத ஆக்கள விடல்ல."

உம்மா தலையை ஆட்டிவிட்டுத் தணலைச் சமன் செய்தார். மாவு குழைத்த சட்டி வழித்துக் கழுவி, வாசலில் கவிழ்த்து வைத்திருந்தது. அதிலிருந்து இன்னும் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.