பஞ்சாட்சரம் எழுதிக் கொடுத்த எட்டுப் பக்கம்

பஞ்சாட்சரத்தைப் போல இண்டர்வியூவுக்குப் போனவன் இந்தப் பட்டணத்தில் வேறு யாராவது இருந்தால் காட்டுங்கள். தி.நகரில் ஒரு விவசாய ஆலோசனைக் கம்பெனி. அந்த ஒரே கம்பெனிக்கு, எழுபத்தைந்து, எழுபத்தாறு இரண்டு வருஷத்தில் ஆறு தடவை போனான்.

அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து கோயம்புத்தூர் போய் விவசாயப் பட்டம் வாங்கியவன். அவனும் நானும் ஒரே வகுப்பு. அவன் அம்மா முனியம்மாள் மயிலாப்பூரில் வீடு வீடாகப் பாத்திரம் தேய்த்துத்தான் படிக்கவைத்தாள். தேய்த்துத் தேய்த்து விரல் இடுக்கெல்லாம் புண். இவனுக்கு ஒரு வேலை கிடைத்தால் அவள் வீட்டோடு இருக்கலாம். அவன் ஆசை அவ்வளவுதான்.

அந்தக் கம்பெனியில் பேச்சு ஐந்து நிமிஷம், எழுத்துப் பரீட்சை இரண்டு மணி நேரம். ஒரு பொட்டலத்தில் மண் கொடுப்பார்கள். கூடவே தடவைக்கு ஒரு புதுக் கேள்வி. நானும் கூடப் போன ஐந்தாவது தடவை கேட்டது: மதுராந்தகம் பக்கம் முப்பது ஏக்கர், நெற்பயிர் செம்பழுப்பாகிக் குட்டையாக நிற்கிறது, என்ன செய்வீர்கள்? நான் ஒரு பக்கம் கிறுக்கிவிட்டு எழுந்தேன். பஞ்சாட்சரம் மண்ணை விரலில் தேய்த்து, மோந்து, நாக்கு நுனியில் வைத்துப் பார்த்து எட்டுப் பக்கம் எழுதுவான். வடிகால் வாய்க்காலுக்குப் படம் வேறு. டைரக்டர் புரட்டிப் பார்த்து, "பிரமாதமா எழுதறீங்க. இப்ப இடமில்லை, அடுத்த தடவை பாக்கலாம்" என்பார்.

நான் ஒரு தடவையோடு நிறுத்திக்கொண்டேன். மாமா சொல்லி பாங்கில் வேலை கிடைத்துவிட்டது. சிபாரிசு இருக்கிறவன் மண்ணை நக்கவேண்டியதில்லை.

"அஞ்சு தபா கூப்ட்டுக்கினு கீறாங்க. வேல குடுக்காமயா நைனா கூப்புடுவாங்க?" என்று முனியம்மாள் என்னிடம் கேட்டாள். கொடுப்பார்கள் என்றுதான் நானும் சொன்னேன். மடையன் நான்.

ஆறாவது தடவை அவன் வெளியே பெஞ்சில் காத்திருந்தான். டைரக்டர் அறையிலிருந்து பண்ணைக்காரர் ஒருவர், பைண்டு செய்த ரிப்போர்ட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தம்பி, இங்கிலீஷ்ல இருக்குது. எதை எவ்வளவு போடணும்னு மட்டும் படிச்சுச் சொல்லுங்க."

பஞ்சாட்சரம் புரட்டினான். மதுராந்தகம், முப்பது ஏக்கர். வாக்கியத்துக்கு வாக்கியம் அவனுடையது. வாய்க்கால் படமும் அவனுடையது. கடைசியில், ஜிங்க் சல்பேட் ஏக்கருக்கு நூறு கிலோ என்று இருந்தது. பத்து என்று எழுதவேண்டிய இடத்தில் அவன் கை ஒரு சைபரைக் கூடப் போட்டிருந்தது. திருடியவர்கள் அதைக்கூடப் பார்க்காமல் டைப் அடித்திருந்தார்கள்.

வாயைத் திறந்தால் இந்த வேலை இல்லை என்று அவனுக்குத் தெரியும். திறந்தான்.

"ஐயா, இது தப்பு. பத்து கிலோதான் போடணும். நூறு போட்டா பயிர் பாழாயிடும்."

"நீங்க இங்க வேலை பாக்கறீங்களா?"

"இல்லீங்க. இண்டர்வியூக்கு வந்திருக்கேன். ஆனா இதை எழுதினது நான்தான்."

அவர் எழுந்து அறைக்கதவைத் திறந்து, "வெளிய ஒரு தம்பி இதுல தப்பு இருக்குதுன்றாரே" என்றார்.

"வேலை கிடைக்காத வயித்தெரிச்சல். நீங்க போய் ஆகவேண்டியதைப் பாருங்க" என்றார் டைரக்டர். ரிப்போர்ட்டை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. பண்ணைக்காரர் இவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நூறு கிலோவோடு படியிறங்கிப் போனார்.

அடுத்து இவன் பெயரைக் கூப்பிட்டார்கள். நானாக இருந்தால் டைரக்டரின் சட்டையைப் பிடித்திருப்பேன். இவன் உள்ளே போய்ப் பொட்டலத்தை வாங்கி எழுத உட்கார்ந்தான். அன்று சாயங்காலம் அதைக் கேட்டு எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"உனக்கு ரோஷமே இல்லியாடா? எதுக்கு எழுதின?"

"எவனோ ஒர்த்தன் நெலத்துல கொட்டப் போறான் மச்சி. அவனாச்சும் சரியா போடட்டும்."

சைபர்களை மூன்று தரம் சரிபார்த்தானாம். முடித்துக் கொண்டுபோய் நீட்டியபோது டைரக்டர், "இனிமே நீங்க வரவேண்டாம்" என்றார். எட்டுப் பக்கத்தையும் வாங்கி, ஒழுங்காக அடுக்கி, மேஜை டிராயரில் வைத்துப் பூட்டிக்கொண்டார்.