எட்டு மாடி ஏறும் இசைப்பெட்டி

லிஃப்ட் கம்பெனியில் அவளுக்குத் திருப்புளி என்று பெயர். இருபது வருஷமாகக் கொண்டையில் ஒரு குட்டித் திருப்புளியைச் செருகிக்கொண்டு வேலைக்கு வருகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? மேலதிகாரிக்கே வருகைப் பதிவேட்டைப் புரட்டினால்தான் அவளுடைய உண்மைப் பெயர் ஞாபகத்துக்கு வரும். மொட்டைமாடி மோட்டார் அறையிலிருந்து தரைக்குக் கீழே இருக்கும் குழிவரை அவள் இறங்கி ஏறாத கட்டடம் அந்த வட்டாரத்தில் குறைவு. வேலையில் கெட்டி, பேச்சில் சிக்கனம். 'ஓடும்', 'ஓடாது' என்ற இரண்டு சொற்களை வைத்துக்கொண்டே பாதி நாளைத் தள்ளிவிடுவாள்.

இசைமேல் அவளுக்குத் தனிப் பிரியம் எதுவும் இருந்ததில்லை. எல்லாம் ஒரு திங்கட்கிழமை காலையில் ஆரம்பித்தது. பதினோரு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றிலிருந்து, "எங்க லிஃப்ட் அழுவுது" என்று புகார் வந்தது. போய்ப் பார்த்தாள். மாடி வந்ததும் 'டிங்' என்று ஒலிக்கவேண்டிய மணி, காய்ச்சல்காரன் முனகுவதுபோல் இழுத்தது. உள்ளங்கை அகலச் சர்க்யூட்டைக் கழற்றினாள். ஒரு கெப்பாசிட்டர் உப்பிப்போயிருந்தது. அதை மாற்றிவிட்டு, பக்கத்தில் இருந்த பொடித் திருகைக் கொண்டைத் திருப்புளியால் லேசாகத் திருகினாள். முனகல் மெல்ல எழுந்து பூனையாயிற்று, பூனை குருவியாயிற்று. இன்னும் ஒரு சுற்று. காதுக்கு எட்டாத இடத்துக்கு ஏறிக் காணாமலே போயிற்று. திருப்பித் திருகினாள். குருவி, பூனை, காய்ச்சல்காரன்.

இருபது நிமிஷம் கழித்து வாட்ச்மேன் வந்து எட்டிப் பார்த்தார்.

"அக்கா, இன்னும் சரியாகலையா?"

"அப்பவே ஆயிடுச்சே."

"அப்புறம் என்ன பண்ணிக்கிட்டு இருக்கீங்க?"

அவள் திருப்புளியை மறுபடி கொண்டையில் செருகிக்கொண்டாள். லிஃப்டுக்குக் காத்திருந்த ஒன்பது பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று மாலையே, இப்படித் திருகித் திருகி ஒலி உண்டாக்குகிற யந்திரம் உலகத்தில் இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தாள். இருந்தது. அதற்கு சிந்தசைஸர் என்று பெயர். அதிலும் அவள் கண்ணில் பட்டது, தனித்தனிப் பெட்டிகளாகச் செய்து ஒரே சட்டத்தில் பூட்டுகிற வகை. ஒரு பெட்டி ஒலியை உண்டாக்கும்; இன்னொன்று அதன் கூர்மையைச் சீவும்; மற்றொன்று குழாயைத் திறந்து மூடுவதுபோல் ஒலியை விட்டு நிறுத்தும். பெட்டிகள் தாமாக ஒன்றோடொன்று பேசாது. இதன் துளையிலிருந்து அதன் துளைக்கு ஒயர் செருகினால்தான் பேச்சுவார்த்தை. ஒயரைப் பிடுங்கினால் அந்த ஒலி போனது போனதுதான், எங்கேயும் பதிந்துகொள்ளாது. படித்துக்கொண்டே வந்த திருப்புளிக்கு, லிஃப்டின் கன்ட்ரோல் பேனலுக்குக் கை கால் முளைத்துப் பாடக் கற்றுக்கொண்டதுபோல் இருந்தது.

முதல் பெட்டியைச் செய்து முடிக்க ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. ஏழாவது ஞாயிறு அதற்கு மின்சாரம் கொடுத்தாள். பட்டை ஒயரைத் தலைகீழாகச் செருகியிருந்ததால் குபுகுபுவென்று புகை வந்தது. பக்கத்து அறையில் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த கணவன் ஈரத்துணியோடு ஓடிவந்தான்.

"நீ வேலை செய்ற லிஃப்டுல இனிமே நான் ஏறமாட்டேன்" என்றான்.

"நம்ம வீடு மூணாவது மாடிதானே, நடந்து போங்க. உடம்புக்கு நல்லது."

அவன் தையல்காரன். வீட்டு முன்னறைதான் அவன் கடை. மனைவிக்கு ஏதோ பிடித்துக்கொண்டது, தானாகத் தெளியும் என்று முதலில் விட்டுவிட்டான். மூன்று பெட்டிகள் ஐந்தாகி, ஐந்து ஒன்பதானபோது தெளியாது என்று புரிந்துகொண்டான். பெட்டிகளின்மேல் அவள் பேனாவால் எழுதிய குறிப்புகள் விரல் பட்டுப் பட்டு அழிந்துபோவதைப் பார்த்தவன், வெள்ளைப் பட்டித்துணியில் 'ஒலி', 'வடி', 'திற', 'மூடு' என்று நூலால் தைத்து ஒட்டிக் கொடுத்தான். ஒயர்களைத் தொங்கவிட ஒரு துண்டுக் கம்பியும் அடித்துக் கொடுத்தான். அவ்வளவுக்கும் பிறகு புகார் சொல்ல அவனுக்கு வாயில்லை.

அந்த யந்திரத்தின் அழகே நடுவில் இருந்த எட்டுப் பொத்தான்கள்தான். இடிக்கப்போகும் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் லிஃப்டிலிருந்து, மேலதிகாரியிடம் கேட்டு வாங்கிவந்த பழைய பேனல் அது. தரைத்தளம் முதல் ஏழாம் மாடிவரை எட்டு வட்டப் பொத்தான்கள். ஒவ்வொன்றாக விளக்கு எரிந்துகொண்டே மேலே போகும். ஒவ்வொரு மாடிக்கும் ஒரு சுரம். ஏழாம் மாடி போனதும் மறுபடி தரைத்தளம். ஒரு வோல்ட் ஏறினால் சுரம் சரியாக ஒரு ஸ்தாயி ஏறவேண்டும். ஒரு நூல் பிசகினாலும் காதில் மணல் விழுந்ததுபோல் இருக்கும். அந்த ஒரு நூலைப் பிடிக்க அவள் இரண்டு மாதம் மல்லுக்கட்டினாள்.

வீட்டில் மூன்றாவதாக ஓர் ஆள் உண்டு: மாமியார். முப்பத்தோரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். டிரங்க் கால் காலத்தில், பலகை நிறைய இருந்த துளைகளில் ஒயரைச் செருகி ஊரையும் ஊரையும் பேசவைத்தவர். ஓய்வுபெற்ற பிறகு மூட்டில் ஆபரேஷன் ஆகி, சாய்வு நாற்காலியும் டிவியுமாக இருந்தார். மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை கிடையாது. பேச்சும் பெரிதாகக் கிடையாது. "சாப்டியா?", "ஆச்சு அத்தை", "மாத்திரை?", "போட்டாச்சு" என்கிற அளவில் பதினேழு வருஷம் ஓடியிருந்தது. கிரீஸ் கையோடு மருமகள் வீட்டுக்குள் வருவது அவருக்குப் பிடிக்காது என்பது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

ஒரு ஞாயிறு காலை திருப்புளி ஒரு ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே செருகுவதென்று நின்றுகொண்டிருந்தாள். பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏம்மா, கார்டு ஒயரை அப்படி நடுவுல புடிச்சா ஆறு மாசத்துல உள்ளே அறுந்துடும். கழுத்தைப் புடி."

திரும்பினாள். அத்தை ஊன்றுகோலோடு வாசற்படியில் நின்றிருந்தார்.

"நீங்க ஒண்ணு போட்டுப் பாக்குறீங்களா?"

"எனக்கு எதுக்கு" என்று சொல்லிக்கொண்டே அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு விரல்களுக்கிடையே இரண்டு ஒயர், இடது கை வலது கை என்று பார்க்காமல் டக் டக்கென்று செருகினார். எது எதற்குப் போகிறது என்பதைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் இல்லை. யந்திரம் முதலில் கனைத்தது, பிறகு குமுறியது, பிறகு யாரும் எதிர்பாராமல் புல்லாங்குழல்போல் நீளமாக ஒன்று ஊதியது. அத்தை கையை எடுத்துவிட்டு மருமகளைப் பார்த்தார்.

"இது யாரு பேசுறது?"

"தெரியல அத்தை. நானே இப்பதான் கேக்குறேன்."

அன்று மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்குத்தான். சமைத்தவன் தையல்காரன்.

அதற்குப் பிறகு பகலில் மருமகள் வேலைக்குப் போனதும் யந்திரம் அத்தையின் கைக்குப் போய்விடும். அளவு கொடுக்க வந்தவர்கள், "உள்ளே என்னங்க சத்தம்?" என்று கேட்டால், "எங்கம்மா டூட்டியில இருக்காங்க" என்பான் மகன்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மழை விவகாரம் வந்தது. திருப்புளி ஒன்பது நாள் முக்கி ஒரு மழையைச் செய்திருந்தாள். தகரக் கூரையில் முதல் துளிகள் விழுந்து, வலுத்து, ஓய்ந்து, சொட்டுகிற மழை. இருபத்துமூன்று ஒயர்கள், நாற்பது திருகுகள். மறுநாள் நிதானமாகப் பதிவு செய்யலாம் என்று வேலைக்குப் போனாள். சாயங்காலம் வந்து பார்த்தால் யந்திரம் மொட்டையாக நின்றது. ஒயர்களெல்லாம் நிறம் பிரித்துக் கம்பியில் அழகாகத் தொங்கின.

"அத்தை, இதைக் கழட்டினது யாரு?"

"நான்தான். டூட்டி முடிஞ்சா போர்டைக் காலி பண்ணிட்டுதான் எந்திரிக்கணும். அடுத்த ஷிப்டுக்கு வர்றவங்க என்ன பண்ணுவாங்க?"

திருப்புளி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் வினையாயிற்று. இரண்டு நாள் வீட்டில் 'சாப்டியா'கூடக் கேட்கவில்லை. தையல்காரன் வாயில் குண்டூசியோடு அந்த அறைக்கும் இந்த அறைக்கும் நடந்தான்.

"அவ கோவமா இருக்கா" என்று அம்மாவிடம் சொன்னான்.

"எனக்குக் கண்ணு தெரியும்டா" என்றார் அம்மா.

மூன்றாம் நாள் காலை திருப்புளி ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். போனாள். அத்தை யந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மடியில் கத்தை ஒயர்.

"சிவப்பு, மேல் வரிசை மூணாவதுலேருந்து கீழ அஞ்சாவதுக்கு" என்று சொல்லிக்கொண்டே செருகினார். "மஞ்சள் ரெண்டு, இங்கேருந்து இங்க. நீலம் இது வழியா." நிறுத்தவே இல்லை. இருபத்துமூன்றையும் அதனதன் இடத்தில் போட்டார். "ஒரு நேரத்துல அறுபது கால் என் தலையில நிக்கும். இது எனக்கு மறக்குமா?"

திருப்புளி யந்திரத்துக்கு முன்னால் குனிந்தாள். பொத்தானை அழுத்தினாள். ஒயர்கள் சரியாக இருந்தன. திருகுகள் எல்லாம் இடம் மாறியிருந்தன. மழை பெய்யவேண்டிய இடத்தில் நூறு தவளைகள் கூட்டம் போட்டு ஒன்றையொன்று திட்டிக்கொண்டன. தலைமைத் தவளை ஒன்று நடுநடுவே கண்டித்தது. மாமியார் மருமகள் முகத்தைப் பார்த்தார், மருமகள் மாமியார் முகத்தைப் பார்த்தாள். முதலில் சிரித்தது யார் என்பதில் இன்றுவரைக்கும் கருத்து வேறுபாடு இருக்கிறது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். திருப்புளி அன்று வேலைக்கு அரை மணி நேரம் தாமதம்.

அன்றைக்கே அத்தை ஒரு புது நடைமுறையைக் கொண்டுவந்தார். மகன் துணி வெட்ட வைத்திருக்கும் காகிதத்தைத் துண்டு துண்டாக நறுக்கி, அந்தக் காலத்து டிரங்க் கால் சீட்டுபோல் எங்கேயிருந்து எங்கே, எந்தத் திருகு கடிகார முள்போல் எத்தனை மணியில் நிற்கிறது என்று எழுதி ஊசியில் குத்தி வைத்தார். கையெழுத்து இருவருடையது. இருவரும் எழுதாத எதையும் யாரும் பிடுங்குவதில்லை என்று ஒப்பந்தம்.

தவளைச் சத்தத்தை வெளியில் இருந்து கேட்டவர்களில் நூலகர் அம்மாவும் ஒருவர். ஜாக்கெட் வாங்க வந்தவர், ஜாக்கெட்டை மறந்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். நூலகக் கூடத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம் வந்து இதை வாசிக்க முடியுமா என்று கேட்டார். திருப்புளி, "ஓடாது" என்றாள். அதே நேரத்தில் அத்தை, "எத்தனை மணிக்கு வரணும்?" என்றார்.

போனார்கள். அறுபது நாற்காலிகள், நாற்பது பேர். மேலதிகாரி வந்திருந்தார், பதினோரு மாடிக் கட்டடத்து வாட்ச்மேனும் வந்திருந்தார். முதல் பத்து நிமிஷம் நினைத்தபடியே போயிற்று. எட்டுப் பொத்தான்களும் மாடி மாடியாக ஏறின, அத்தை சீட்டைப் பார்த்து ஒயர் மாற்றினார், மழை ஒழுங்காகப் பெய்தது. பிறகு ஐந்தாம் மாடிப் பொத்தான் மாட்டிக்கொண்டது. விளக்கு அங்கேயே நின்று எரிந்தது. ஒரே சுரம், விடாமல், 'ஊ' என்று. கூடம் முழுக்க வெயில் ஏறியிருந்ததால் அந்தச் சுரமும் வியர்த்ததுபோல் மெல்ல வழுக்கிக் கீழே இறங்கியது.

மாட்டிக்கொண்ட லிஃப்டின்முன் நிற்பது திருப்புளிக்குப் புதிதா என்ன. "அத்தை, நாலு நிமிஷம் சமாளிங்க" என்று காதோரம் சொல்லிவிட்டு, கொண்டையிலிருந்து திருப்புளியை உருவினாள். நாற்பது பேர் பார்க்கப் பேனலைக் கழற்றத் தொடங்கினாள்.

அத்தை சீட்டுக்கத்தையை ஓரமாக வைத்தார். வழுக்கி இறங்கும் அந்த 'ஊ'வையே பிடித்துக்கொண்டார். அதைச் சீவும் பெட்டிக்குள் அனுப்பினார். அங்கிருந்து பிடுங்கி எதிரொலிப் பெட்டிக்குள் செருகினார். மற்றொரு ஒயரைப் போட்டுத் துண்டு துண்டாக வெட்டினார். ஒரே சுரம் தூரத்துக் கப்பலாயிற்று, வண்டுக் கூட்டமாயிற்று, பேசத் துடிக்கும் குழந்தையாயிற்று. கைகள் பறந்தன. மூட்டு வலியை மறந்து நின்றுகொண்டே வாசித்தார். பின் வரிசையில் இருந்த மகன், எக்ஸ்சேஞ்சில் இருந்த அம்மாவைத் தான் ஒருநாளும் பார்த்ததில்லை என்று அப்போதுதான் உணர்ந்தான்.

கீழே பொத்தானின் தகட்டில் பச்சையாகப் பூத்திருந்த களிம்பைத் திருப்புளி சுரண்டினாள், வளைந்த ஸ்பிரிங்கை நிமிர்த்தினாள், மூடினாள். விளக்கு ஆறாம் மாடிக்கு ஏறியது, ஏழுக்கு ஏறியது. வாட்ச்மேன்தான் முதலில் கைதட்டினார்.

முடிந்த பிறகு ஒருவர் வந்து, "நடுவுல ஒரு பகுதி வந்ததே, ரொம்ப நல்லா இருந்தது. அதுக்குப் பேர் என்னம்மா?" என்று கேட்டார்.

"ராங் நம்பர்" என்றார் அத்தை, முகத்தில் சிரிப்பே இல்லாமல். கேட்டவர் நன்றி சொல்லிவிட்டு அதைக் குறித்துக்கொண்டு போனார்.

இப்போது அந்த வீட்டில் இரண்டாவது யந்திரம் ஒன்று உருவாகிக்கொண்டிருக்கிறது. தனக்குத் தனியாக ஒன்று வேண்டும் என்று அத்தை ஒரே பிடியாக நிற்கிறார். மருமகள் எட்டு மாடி போதும் என்கிறாள். அத்தைக்குப் பதினாறு வேண்டுமாம். எக்ஸ்சேஞ்சில் கூட இருந்த தோழிகள் இரண்டு பேர் புதன்கிழமை மத்தியானங்களில் வருகிறார்கள். மூன்று பேரில் யார் சூப்பர்வைசர் என்பது இன்னும் முடிவாகவில்லை. தையல்காரன் அவர்களுக்கு இடம் விட்டுத் தன் தையல் மிஷினைப் படுக்கையறைக்கு மாற்றிக்கொண்டு, பட்டித்துணியில் பதினாறு மாடிக்கும் எண் தைத்துக்கொண்டிருக்கிறான். வேலை முடிந்து வருகிற திருப்புளி கை கழுவக்கூடப் போகாமல் நேராக உள்ளே வந்து சாலிடரிங் அயர்னைச் சூடேற்றுகிறாள். கிரீஸ் கையைப் பற்றி யாரும் எதுவும் சொல்வதில்லை.