நியூட்ரலில் இறங்கிய வண்டி

1. வணக்கம் சொன்ன டிரைவர்

மலை ரூட்டில் புதிதாகக் கண்டக்டர் வேலைக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எந்த டிரைவரைப் பற்றியும் முதல் நாளே முடிவுக்கு வராதீர்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஒரே வரியில் சொன்னால் யாரும் கேட்பதில்லை. எனக்கும் யாரோ சொல்லியிருந்தார்கள்.

நான் எம்.ஏ. வரலாறு. ஜமுனாமரத்தூரிலிருந்து ஆலங்காயத்துக்கு இறங்கும் ஒரு தனியார் மினி பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறேன். பேரரசுகள் எப்படி விழுந்தன என்று கேட்டால் காரணங்களோடு சொல்வேன். என் வண்டி எப்படி விழுந்தது என்பது புரியத்தான் நாளாயிற்று.

பிரபு வேலைக்கு வந்த முதல் நாள் நன்றாக நினைவிருக்கிறது. இஸ்திரி போட்ட காக்கி, நெற்றியில் சின்னதாக ஒரு கீற்றுத் திருநீறு. புளி மூட்டையோடு நின்ற பெண்களைப் பார்த்ததும் அவனே இறங்கி மூட்டையைத் தூக்கி உள்ளே வைத்தான். பிறகு சீட்டில் உட்கார்ந்து, திரும்பி, "எல்லாரும் உக்காந்துட்டீங்களா? எடுக்கலாங்களா?" என்று கேட்டான். எங்கள் ரூட்டில் பயணிகளிடம் அனுமதி கேட்ட முதல் டிரைவர் அவன்தான்.

வாராவாரம் சந்தைக்குப் புளி கொண்டுபோகும் மல்லிகா அக்கா முன் சீட்டில் இருந்தார்.

"இன்னா கண்டக்டரே, இத்தினி நாளு இந்தப் புள்ளைய எங்க ஒளிச்சி வெச்சிருந்தீங்க?"

"எங்க ஓனரு கண்டுபுடிச்சாருக்கா."

"நீங்களும் கீறீங்களே, மூஞ்ச உர்ருனு வெச்சிக்கினு. அதப் பாத்து கத்துக்கோங்க."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றைக்கே பிரபு எங்கள் எல்லோருக்கும் நல்ல டிரைவராகிவிட்டான். வண்டி இன்னும் ஸ்டாண்டை விட்டுக்கூடக் கிளம்பியிருக்கவில்லை.

2. அதே காரியம், வேறு ஆள்

மலை டிரைவர்களிடையே ஒரு சட்டம் உண்டு. எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு. இறக்கத்தில் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்கு வேலை குறைவு. கியரை விடுவித்து நியூட்ரலில் தள்ளினால் டீசல் மிச்சம். ஆனால் மொத்தப் பாரமும் பிரேக் மேல் விழும். தொடர்ந்து அமுக்க அமுக்கச் சூடேறி, ஒரு கட்டத்தில் பிரேக் பிடிக்காது.

பிரபுவுக்கு முன்னால் இருந்த கோவிந்தன் ஒருநாள் நியூட்ரலில் இறக்கினான். வெற்றிலை எச்சிலை ஜன்னல் வழியே துப்புகிறவன், பயணிகளை 'ஏய்' என்று கூப்பிடுகிறவன். நான் பஸ்ஸிலேயே கத்தினேன். ஓனரிடமும் சொன்னேன். அந்த வாரமே அவன் வேலை போய் வீட்டுக்குப் போனான். கடமையைச் செய்த திருப்தியில் அன்று கூடுதலாக ஒரு டீ குடித்தேன்.

பிரபு வந்து கொஞ்ச நாளில் இறக்கத்தில் என்ஜின் சத்தம் அடங்குவதைக் கவனித்தேன்.

"இன்னா பிரபு, நியூட்ரலா?"

"ஆமாண்ணா. வண்டிக்கு வலிக்காம எறக்கலாம்னுதான்."

வண்டிக்கு வலிக்கும் என்று யோசிக்கிற மனுஷன் என்று நான் வியந்தேன். வேறெதுவும் செய்யவில்லை. மைலேஜ் ஏறியது. ஓனர் அவனுக்குத் தீபாவளிக்குப் புது சட்டை எடுத்துக் கொடுத்தார். எனக்கு வழக்கம்போல ஸ்வீட் பாக்ஸ்.

3. வளைவு

சந்தை நாள் காலை. வண்டி நிறைய ஆள், மூட்டை. பாதி இறக்கத்தில் கருகிய வாடை வந்தது. பிரபு பெடலை மிதித்து மிதித்து விட்டான்.

"அண்ணா, பிரேக் புடிக்கல. எல்லாரையும் கெட்டியா புடிச்சிக்கச் சொல்லுங்க."

அந்த நேரத்திலும் 'சொல்லுங்க' என்றுதான் சொன்னான். வளைவில் வண்டி மண்மேட்டில் மோதி, சாய்ந்து, பள்ளத்தில் படுத்தது. பலருக்குக் கை கால் முறிந்தது. முன் சீட்டில் இருந்த மல்லிகா அக்கா அங்கேயே போய்விட்டார். என் சட்டைப் பட்டன் ஒன்று அறுந்தது. எனக்கு நேர்ந்தது அவ்வளவுதான்.

4. யார் தலையில்

முந்தின வாரம்தான் மெக்கானிக் சம்பத் அந்த வண்டிக்கு பிரேக் லைனிங் மாற்றியிருந்தார். சாயங்காலமானால் குடிப்பார். நிதானத்தில் இருந்தாலும் வாயில் நல்ல வார்த்தை வராது. தாடி, அழுக்கு லுங்கி. ஊருக்கு அதற்கு மேல் ஆதாரம் தேவைப்படவில்லை.

ஆஸ்பத்திரியில் பிரபு காலில் கட்டோடு கிடந்தான். கட்டிலைச் சுற்றி ஹார்லிக்ஸ் பாட்டில்கள். பார்க்க வந்தவர்களிடம் கும்பிட்டுச் சொன்னான்: "சம்பத் அண்ணன ஒன்னும் பண்ணிடாதீங்க. பாவம், அவரு தெரிஞ்சா பண்ணாரு?"

இதைக் கேட்ட பிறகுதான், அதுவரை சும்மா இருந்தவர்களும் சம்பத்தைத் தேடிப் போனார்கள். போலீஸ் வந்து அவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனதால் உயிர் பிழைத்தார். உயிர் போனதற்கு அவர்தான் காரணம் என்று கேஸ் எழுதத் தயாராக இருந்தார்கள். உள்ளே போனால் எப்போது வெளியே வருவார் என்று தெரியாது.

மறுநாள் ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்க்க வந்தார். சக்கரத்தைக் கழற்றச் சொல்லி பிரேக் டிரம்மைத் தடவிப் பார்த்தார்.

"லைனிங் மாட்டுனதுல தப்பு தெரியலியே. சூட்டுல கருகியிருக்கு. எந்த கியர்ல எறங்குச்சி?"

"நியூட்ரல்ல சார்" என்றேன்.

தினமும் என் கண்ணெதிரே நடந்ததுதான். ஆனால் அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்த பிறகுதான் நான் அதைக் கேட்டேன்.

பக்கத்தில் நின்ற எஸ்.ஐ. என்னைப் பார்த்து முகம் சுளித்தார். "அந்தப் பையனா? யோவ், நேத்து ஆஸ்பத்திரில பாத்தேன். எழுந்து உக்கார முடியாம கும்புடுறான்யா."

"கும்புடு வேற சார், கியர் வேற" என்றார் பிரேக் இன்ஸ்பெக்டர்.

எனக்கு எம்.ஏ. கொடுத்தவர்கள் இதைச் சொல்லித் தரவில்லை. நடந்ததை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

5. ஸ்டேஷன் வாசல்

மல்லிகா அக்காவின் வீட்டுக்காரர் வழியில் என்னை நிறுத்தினார். "அவ உசுரோட இருந்தாக்கூட அந்தப் புள்ளைய நல்லவன்னுதான் சொல்லுவா. நீ இன்னாத்துக்கு அவன் மேல பழி போடுற?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

சம்பத்தை விட்ட அன்று ஸ்டேஷன் வாசலில் காத்திருந்தேன். ஒரு நன்றி கிடைக்கும் என்று எதிர்பார்த்தேன் என்பதை மறைப்பானேன். சம்பத் வந்தார். உள்ளே அடித்தார்களா என்று கேட்டேன்.

"அடிக்கல. கேட்டாங்க. லைனிங்ல எதுனா உட்டிருப்பேன்னு நானே சொல்லிட்டேன்."

"உட்டீங்களா?"

"இல்லியே."

"அப்புறம் இன்னாத்துக்குண்ணே சொன்னீங்க?"

சம்பத் ரோட்டைப் பார்த்தபடி நின்றார். "ராவெல்லாம் யோசிச்சேன். அந்தப் புள்ள தப்பு பண்ணியிருப்பான்னு எனக்குத் தோணவே இல்ல. அப்போ மிச்சம் நான்தானே."

ஒருவனை நல்லவன் என்று நாம் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால், அவன் பங்குத் தப்பு எங்கும் கரைந்து போவதில்லை. பக்கத்தில் முகம் சரியில்லாத எவன் நிற்கிறானோ அவன் தலையில் போய் இறங்குகிறது. சில சமயம் அவனே தலையைக் குனிந்து வாங்கிக்கொள்கிறான். நான் கற்றது இவ்வளவுதான்.

பிரபு இப்போது செங்கம் பக்கம் ஸ்கூல் வேன் ஓட்டுகிறான். அவன் மேல் கேஸ் நடக்கிறது. அங்கேயும் நல்ல பெயர் என்று கேள்வி. அந்தப் பள்ளிக்குப் போய் நான் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்களுக்கும் அவருக்கும் ஏதாச்சும் தகராறுங்களா?" என்றார்கள்.

சம்பத் அதன்பிறகு பிரேக் வேலையைத் தொடவில்லை. பஞ்சர் மட்டும் ஒட்டுகிறார். ஒட்டி முடித்த டியூபைத் தண்ணீரில் அமுக்குகிறார். குமிழி வருவதில்லை. எடுத்துத் துடைக்கிறார். மறுபடியும் அமுக்குகிறார்.